பெட்டியும் பட்டியலும்: கடையநல்லூர் வீட்டுக்கு ஓர் இணைய வானொலி

பக்கத்து வீட்டுப் பாய் முப்பது வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். காலைத் தொழுகை முடிந்து வந்து தார்சாவில் நாற்காலியை இழுத்துப் போட்டால் அவர் காதுக்கு அந்த ஊர்த் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ வேண்டும். இங்கே ஆறு மணி என்றால் அங்கே எட்டரை. வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காக அவசரமாகப் பேசும் அறிவிப்பாளர்களை, எந்த அவசரமும் இல்லாத இவர் கடையநல்லூர்த் தெருவில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்பார். அங்கே மழையா, எந்தச் சாலையில் வண்டிகள் நிற்கின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதற்காகவே அவர் மகன் ஓர் இணைய வானொலிப் பெட்டி அனுப்பியிருந்தார். மரத்தாலான கூடு, முன்னால் துணி, இரண்டு குமிழ்கள், சின்னத் திரை. இரண்டு வருடம் நன்றாகப் பாடியது. ஒரு நாள் காலையில் திரையில் ‘நிலையம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. அதன் பிறகு எந்த நிலையமும் கிடைக்கவில்லை. பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தம்பி, கரண்டு இருக்கு, நெட்டு இருக்கு, பெட்டியும் கீழ விழல. பொறவு ஏன் பேச மாட்டேங்குது?”

அவருக்குப் பதில் சொல்லத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. வீட்டுக்கு நல்ல ஒலி தரும் இணைய வானொலி எது என்று கேட்கிறவர்கள் ஒரு பொருளைப் பற்றிக் கேட்பதாகத்தான் நினைக்கிறார்கள். அதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, காற்றை அசைத்து ஒலி தரும் பெட்டி. இன்னொன்று, நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் மூளை. முன்னதற்கு ஆயுள் முப்பது வருடம். பின்னதற்கு ஐந்து வருடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து விற்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

கடையநல்லூர், தென்காசிக்கும் புளியங்குடிக்கும் நடுவே மேற்கு மலையடியில் இருக்கும் பழைய நெசவு ஊர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. தறியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் இங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். 1941லேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி ஒன்றும் நடத்தினார்கள். பிறகு வளைகுடா வந்தது. திரும்பி வருகிறவரின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சேலைகளுக்கும் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். பிற்காலத்தில் கேசட்டும் போடும் டூ-இன்-ஒன். ஆகவே நல்ல ரேடியோ என்றால் வெளிநாட்டிலிருந்து வருவது என்ற எண்ணம் இந்த ஊரில் ஆழமாக வேரோடியது. இணைய வானொலி வாங்கும்போதும் அந்த எண்ணம் வந்து காலை வாரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பெட்டிகளில் என்ன கேட்டார்கள்? திருநெல்வேலி வானொலி 1963இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ் என்ற எண் எங்கள் வயதுக்காரர்களுக்கு வீட்டு எண் மாதிரி. விவசாய நிகழ்ச்சி, வில்லுப்பாட்டு, மாநிலச் செய்தி எல்லாம் அதில்தான். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் 200 கிலோவாட் பலத்தில் கடல் தாண்டிப் பாடும். எதிர்த் திசையிலிருந்து இலங்கை வானொலி வந்தது. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்கள் பக்கத்துச் சினிமா நடிகர்களுக்கு இணையான புகழோடு இருந்தார்கள். ராத்திரி சிற்றலையில் பிபிசி தமிழோசை. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. கொடைக்கானல் பண்பலை 100.5 வந்தபோது, மலை உச்சியிலிருந்து பேசுவதால் தெற்கே வெகுதூரம் எட்டியது. இங்கும் மாடிகளில் ஏரியலைத் திருப்பித் திருப்பி அதைப் பிடித்தவர்கள் உண்டு.

மத்திய அலையைக் கொன்றது கைபேசி என்று சொல்வது வழக்கம். வீட்டுக்குள் பார்த்தால் வேறு குற்றவாளிகளும் தென்படுகிறார்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், கைபேசி சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர் எல்லாமே உள்ளுக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி வேலை செய்பவை. அந்த வெட்டில் எழும் இரைச்சல் சரியாக மத்திய அலையின் மேல் வந்து விழுகிறது. பழைய டிரான்சிஸ்டரை இன்று வீட்டுக்குள் போட்டால் நிலையத்தைவிட வீட்டின் கம்பிகள்தான் அதிகம் பேசும். நம்பிக்கை இல்லாவிட்டால் மின்வெட்டு நேரத்தில் பேட்டரி ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். நெல்லை எவ்வளவு தெளிவு என்று தெரியும். இன்னொன்று, மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். அதனால் ஒலியில் சுமார் நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதிக்கு அங்கே பெரிதாக இடமில்லை. பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். இணையத்தில் அந்த வரம்புகூட இல்லை. ஆகவே அதே நெல்லை நிலையத்தை பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் கேட்கிறவருக்கு, இரைச்சல் போய்விட்டதே என்ற ஆச்சரியம் முதலில் வரும். ‘சப்பென்று இருக்கிறதே’ என்ற குறை பத்து நிமிடம் கழித்து வரும். அந்தக் குறை பெரும்பாலும் பெட்டியுடையது.

ஒலி எங்கெல்லாம் கெடுகிறது என்று வரிசையாகப் போவோம். முதலில் நிலையம் அனுப்பும் ஸ்ட்ரீம். நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதுதான் அதன் கனம். 128 கிலோபிட் எம்.பி.3 என்பது வெகுகாலமாகப் பல நிலையங்கள் வைத்திருக்கும் அளவு; பேச்சுக்கும் சினிமாப் பாட்டுக்கும் தாராளம். புதிய ஏ.ஏ.சி. முறையில் அதைவிடக் குறைவாகவே அதே தெளிவைக் கொண்டுவரலாம். 48, 64 கிலோபிட்டுக்கு இறங்கியும் பேச்சு கெடாமல் இருக்கும். ஆனால் எம்.பி.3 அந்த அளவுக்கு இறங்கினால் முதலில் சாவது ஜால்ராவும் கஞ்சிராவின் சலங்கையும். கணீரென்று வர வேண்டியது தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ‘ஷ்ஷ்’ என்று கரையும். கைதட்டலும் அப்படித்தான், அடைமழை போலக் கேட்கும். இதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. எவ்வளவு விலையுள்ள பெட்டியும் அனுப்பப்படாத சலங்கையை ஒலிக்க வைக்காது.

டேட்டா தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 128 கிலோபிட் ஸ்ட்ரீம் மணிக்கு சுமார் 58 எம்.பி. எடுக்கும். நாள் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டால் 1.4 ஜி.பி.யைத் தொடாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தரும் கைபேசித் திட்டத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும். பேரன் அரைமணி நேரம் வீடியோ பார்ப்பதைக் கண்டுகொள்ளாமல் பாட்டியின் ரேடியோவை அணைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

அடுத்தது பெட்டி. விஷயம் இங்கேதான் இருக்கிறது, இதில்தான் ஏமாறுகிறோம்.

ஒலி என்பது காற்றைத் தள்ளுவது. கீழ்ச்சுருதிக்குப் போகப்போக ஸ்பீக்கர் கூம்பு தள்ள வேண்டிய தூரம் மளமளவென்று ஏறும். அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைந்தாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டியின் ஒன்றரை, இரண்டு அங்குல ஸ்பீக்கரால் அது முடியாது. ஆண் குரலின் அடிநாதமே சுமார் 100, 120 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே தொட முடியாத ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது போலத் தோன்றும். நாகூர் ஹனீபாவின் குரலைச் சின்னப் பெட்டியில் கேட்டால் எது போய்விட்டது என்று புரியும். அந்தக் கம்பீரம் உச்சஸ்தாயியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். அதைத் தாங்கி நிற்கும் நெஞ்சுக்குரல் கீழே இருக்கிறது. பெட்டியில் அது இல்லாமல் போனதும் மேலே இருப்பது வெறும் கத்தலாகிவிடும்.

எங்கள் பக்கத்துக்கென்று என்னிடம் ஒரு சோதனை உண்டு: வில்லுப்பாட்டு. வில்லின் மணிகள், உடுக்கை, ஜால்ரா, அண்ணாவியின் பேச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் குடம். குடத்தின் வாயில் அடிக்கும்போது கும்மென்று எழுகிற ஒலி வயிற்றில் வந்து தட்ட வேண்டும். பெரும்பாலான இணைய வானொலிகளில் அது ‘டொக்’ என்று கேட்கும், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. வேறு சிலவற்றில் எல்லா அடியும் ஒரே சுருதியில் ‘பூம் பூம்’ என்று வரும். இந்த இரண்டாவது வகை இன்னும் மோசம். சின்ன ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுத் துளை வைத்து, குறிப்பிட்ட ஒரு சுருதியை மட்டும் ஊதிப் பெருக்கி, ‘பேஸ் இருக்கிறது’ என்று நம்ப வைக்கிற வேலை அது. மிருதங்கத்தின் தொப்பியில் வித்வான் குமுக்கி கொடுக்கும்போது சுருதி ஏறி இறங்குகிறதா, அல்லது ஒரே இடத்தில் நின்று இடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பத்து நொடியில் பெட்டியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தக் காலத்து மர்ஃபியும் பிலிப்ஸும் ஏன் அவ்வளவு இதமாக இருந்தன என்று கேட்காத பெரியவர் கிடையாது. பழைய நினைவு தரும் மயக்கம் பாதி. மீதிப் பாதி உண்மை. பெரிய மரக்கூடு, ஆறு ஏழு அங்குலக் காகிதக் கூம்பு, திறந்த முதுகு. குரலுக்குத் தேவையான நடுப்பகுதியை அந்த அமைப்பு அலட்டிக்கொள்ளாமல் தரும். மத்திய அலையில் மேல்சுருதி வெட்டப்பட்டதால் கீச்சலும் கிடையாது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி க்ளாஸ். 1960இல் கே.எல்.எச். மாடல் எய்ட் என்ற மேசை ரேடியோவைச் செய்தவர் அவர். நாற்பது வருடம் கழித்து, 2000இல், டிவோலி நிறுவனத்துக்காக மாடல் ஒன்றை வடிவமைத்தார். மரக்கூட்டுக்குள் ஒரே ஒரு மூன்றங்குல ஸ்பீக்கர், ஸ்டீரியோகூட இல்லை. அதற்குக் கிடைத்த வரவேற்பில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சாண் இடைவெளியில் இரண்டு குட்டி ஸ்பீக்கரை வைத்து ‘ஸ்டீரியோ’ என்று எழுதுவதைவிட, அதே செலவில் ஒரு நல்ல ஸ்பீக்கரை உருப்படியான கூட்டில் வைப்பது மேல். பெட்டியிலிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்துவிட்டால் அந்த ஸ்டீரியோ எந்தக் காதுக்கும் எட்டாது.

ஆகவே கடைக்குப் போனால் அண்ணாச்சி போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்காதீர்கள். அது பெட்டிக்காகவே பொறுக்கி எடுத்த பாட்டு, அதுவும் முழுச் சத்தத்தில் ஓடும். உங்கள் கைபேசியில் ஒரு செய்தி வாசிப்பு, ஒரு கச்சேரி, வீட்டில் தினமும் கேட்கிற ஒரு பாட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு போங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். விடியற்காலையில் வீட்டார் தூங்கும்போது கேட்கும் அந்தத் தாழ்ந்த சத்தத்தில் வார்த்தை புரிகிறதா என்பதுதான் வீட்டு ரேடியோவுக்கு முதல் தேர்வு. அதில் தேறாத பெட்டி எத்தனை வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் வேண்டாம். நாற்பது வாட் பெட்டியை நாலு வாட்டுக்குக் குறைவாகத்தான் நாம் வீட்டில் ஓட்டப்போகிறோம்.

இனி பாயின் கேள்வி. கரண்டும் நெட்டும் இருந்தும் பெட்டி ஏன் பேசவில்லை?

பழைய ரேடியோவுக்கு நிலையம் எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளை நகர்த்தினால் அலை காற்றில் இருக்கும். இணைய வானொலிக்கு ஒவ்வொரு நிலையமும் நீளமான ஒரு முகவரி. அந்த ஆயிரக்கணக்கான முகவரிகளைப் பெட்டி தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து வாசிக்கிறது. நிலையம் முகவரி மாற்றினால் அந்த நிறுவனம் திருத்தும். அந்த நிறுவனமே கடையைச் சாத்தினால்? பெட்டி ஊமை.

இப்படி நடந்தது ஒன்றிரண்டு தடவை அல்ல. கெர்பாங்கோ என்ற பெயரில் உலகின் முதல் தனி இணைய வானொலிகளில் ஒன்றை 2000இல் 3காம் நிறுவனம் விலைக்கு வாங்கி, அடுத்த வருடமே திட்டத்தை மூடியது. லாஜிடெக்கின் ஸ்க்வீஸ்பாக்ஸ் ரேடியோ 2009இல் வந்தது, ஒலிக்காகப் பெயர் வாங்கிய பெட்டி. 2012இல் அந்த வரிசையை நிறுத்தினார்கள், அதற்கு உயிர் கொடுத்துவந்த இணையச் சேவையை 2024இல் அணைத்தார்கள். பல கம்பெனிப் பெட்டிகளுக்கு மூளையாக இருந்த ரெசிவா என்ற பட்டியல் 2021இல் நின்றது. வீ-ட்யூனர் என்ற பட்டியலை நம்பியிருந்த பெட்டிகளுக்கு 2019இல் பெரிய தடுமாற்றம் வந்தது. சிலவற்றை வேறு பட்டியலுக்கு மாற்றினார்கள், சிலவற்றுக்குத் தனியாகச் சந்தா கேட்டார்கள். பட்டியல் உயிரோடு இருந்தும் பெட்டி தோற்ற கதையும் உண்டு. 2023இல் பிபிசி தன் பழைய எம்.பி.3 ஸ்ட்ரீம்களை நிறுத்திவிட்டுப் புதிய முறைக்குப் போனபோது, அந்த முறை தெரியாத பழைய இணைய வானொலிகளில் பிபிசி நிலையங்கள் காணாமல் போயின. பிரிட்டனில் கிழவர்களும் கிழவிகளும் பாய் மாதிரியே கேட்டிருப்பார்கள்.

இதில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று கூடுதல். வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ் நிலையங்கள் என்று தேடினால் வருவதில் பாதி, யாரோ ஒருவர் வீட்டுக் கணினியிலிருந்து இளையராஜா பாட்டை மட்டும் ஓடவிடும் ‘நிலையங்கள்’. நாம் தேடும் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களில் பல, ஸ்ட்ரீமைத் தங்கள் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. விளம்பரம் அங்கேதான் விற்கும். செயலியில் கிடைப்பது பெட்டியில் கிடைக்கும் என்று எண்ணி வாங்கக் கூடாது. உங்களுக்கு வேண்டிய நான்கு நிலையங்கள் நெல்லை வானொலி, சிங்கப்பூர் ஒலி, மலேசியாவின் மின்னல், இலங்கையின் தென்றல் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கும் இந்தப் பெட்டியில் இன்று பாடுகின்றனவா என்று வாங்குமுன் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ‘முப்பதாயிரம் நிலையங்கள்’ என்ற வாசகத்தால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. நிலைய முகவரியை நாமே எழுதிச் சேர்க்க பெட்டியில் வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் கணக்கில் அது ஒரு ஸ்பீக்கருக்குச் சமம்.

முன்பு சொன்ன வெளிநாட்டுப் பெட்டி மோகத்துக்கு இப்போது வரலாம். லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் ரேடியோவில் டி.ஏ.பி. என்ற எண்ம வானொலி வசதிக்குப் பெரும் பணம் வாங்கியிருப்பார்கள். இந்தியாவில் டி.ஏ.பி. ஒலிபரப்பு வீடுகளுக்கு வரவில்லை. ஆகாசவாணி தேர்ந்துகொண்டது டி.ஆர்.எம். என்ற வேறு முறை. சிங்கப்பூரே டி.ஏ.பி.யை நடத்திப் பார்த்துவிட்டு 2011இல் கைவிட்டது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் மத்திய அலையே இருக்காது. அமெரிக்காவிலிருந்து வருவதில் மத்திய அலை இருக்கும்; ஆனால் அங்கே நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் என்பதால் எண்ம முள் 1190இல் நின்று அடுத்து 1200க்குத் தாவும். நெல்லையின் 1197க்கு அங்கே இடமே கிடையாது. அமைப்பில் 9க்கு மாற்றும் வசதி இருந்தால் தப்பித்தோம். அதோடு அவர்கள் நாட்டு மின்சாரம் 120 வோல்ட். அடாப்டரில் 240 வரை என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் செருகினால் கதை அன்றோடு முடிந்தது. சிங்கப்பூர், துபாய்ப் பெட்டிகளுக்கு மின்னழுத்தச் சிக்கல் இல்லை, மூன்று சப்பைக் கால் பிளக்குக்கு ஒரு மாற்றி போதும்.

இந்தியக் கடைகளில் தனி இணைய வானொலி அபூர்வம். அதன் இடத்தைப் பேசும் ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டன. அமேசானின் எக்கோ 2017இல் இங்கே வந்தது, கூகுள் ஹோம் அடுத்த வருடம். கையடக்கமான எக்கோ டாட்டில் இருப்பது இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த ஸ்பீக்கர். மேலே சொன்ன விதி அதற்கும் பொருந்தும். பெரிய வடிவங்களில் ஒலி தேவலாம். ஆனால் எழுபது வயதுக்காரர் நிலையத்தின் பெயரை அது எதிர்பார்க்கும் உச்சரிப்பில் சொல்லி, அது தவறாகப் புரிந்துகொண்டு வேறு எதையோ பாட, இவர் அதைத் திட்ட, திட்டுக்கும் அது மரியாதையாகப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கையாகத்தான் இருந்தது, மூன்று நாள்.

அதே 2017இல் சரிகம நிறுவனம் கார்வான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஐந்தாயிரம் பழைய பாட்டுகளை உள்ளே அடைத்து, பழைய ரேடியோ முகத்தோடு. தமிழ்ப் பதிப்பும் உண்டு. அது இணைய வானொலி இல்லை. ஆனால் அது விற்ற வேகம் ஒன்றைக் காட்டியது: வயதானவர்களுக்கு வேண்டியது திருகினால் பாடும் குமிழ். திரையைத் தடவிக் கடவுச்சொல் போடும் எந்தப் பெட்டியும் அந்தக் குமிழிடம் தோற்கும். வீட்டு ரேடியோவைத் தேர்கிறவர்கள் ஒலிக்கு அடுத்தபடியாக இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். நிலையங்களுக்கான பொத்தான்கள் வெளியே, விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்க வேண்டும்.

சரி, என்ன வாங்குவது? என் தீர்ப்பு இது: பெட்டியையும் மூளையையும் பிரித்து வாங்குங்கள். பணத்தில் முக்கால் பங்கை, பெருக்கி உள்ளேயே இருக்கிற ஒரு நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். நான்கு அங்குலக் கூம்பு, மரக்கூடு, பின்னால் கம்பி செருக ஆக்ஸ் துளை. அது வருடக்கணக்கில் உழைக்கும். மூளைக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசி போதும். சிம் கார்டை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செய்தி நடுவே வங்கிக் குறுஞ்செய்தி மணி அடிக்கும். நிலையத்தின் செயலியையே அதில் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பட்டியல் செத்தாலும் கவலையில்லை. நாளைக்கு முறை மாறினால் கைபேசியை மாற்றினால் போதும், ஸ்பீக்கர் அப்படியே இருக்கும். புளூடூத்தைவிடக் கம்பி எனக்குப் பிடிக்கும். ஒலி வித்தியாசம் பேச்சுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கம்பிக்கு ஜோடி சேர்க்கும் சடங்கு கிடையாது. ஒரே எச்சரிக்கை: கைபேசியை ராப்பகலாகச் சார்ஜரில் போட்டு வைத்தால் பேட்டரி வீங்கும். நேரம் பார்த்து அணைக்கும் பிளக் ஒன்று போடுங்கள்.

வீட்டில் கல்லூரிப் பையன் இருந்தால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை மூளையாக்கலாம். வாலுமியோ போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. ரேடியோ பிரவுசர் என்று பொதுமக்களே சேர்ந்து நடத்தும் இலவசப் பட்டியலும் உண்டு. ராஸ்பெரி பையில் ஹெட்போன் துளை இருந்தாலும் அதிலிருந்து நேரே ஒலி எடுக்காதீர்கள், சுமார்தான். தனி ஒலி அட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டும். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அதை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகும் பாதி ஒலி வீட்டின் கையில். நம் பக்கத்துப் புது வீடுகளில் தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வழவழப்பு. கூடத்தின் நடுவே நின்று ஒரு தடவை கைதட்டினால் ‘ட்ரிங்’ என்று வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு சொல்லின் மேலும் விழும். ஒரு ஜமுக்காளம், சன்னலுக்குத் துணித்திரை, அவ்வளவு போதும். பெட்டியை மூலையில் வைத்தால் கீழ்ச்சுருதி பெருகும். சின்னப் பெட்டிக்கு அது இலவச உதவி, பெரிய பெட்டிக்குத் தொல்லை. இரும்பு பீரோவின் மேல் வைத்தால் பீரோவும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். சாரல் மாதங்களில் காற்று அடித்துக் கரண்டு போய்ப் போய் வரும் ஊர் இது. ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம். இணைய வானொலிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும் என்பதையும், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு தடவை சோதித்துக்கொள்ளலாம்.

பாயின் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. திருப்பிப் பார்த்தபோது முதுகில் ஆக்ஸ் துளை இருந்தது. மகனின் பழைய கைபேசியில் சிங்கப்பூர்ச் செயலியைப் போட்டு, இரண்டு முழக் கம்பியில் இணைத்தோம். மரக்கூடும் ஸ்பீக்கரும் நல்லவை. முதல் நாள் பாடிய அதே கனத்தில் பாடின. சத்தக் குமிழ் வேலை செய்தது. நிலையம் மாற்றும் குமிழ்தான் சும்மா சுற்றுகிறது. பாய் அதில் தன் தொப்பியை மாட்டிவைத்திருக்கிறார்.

ஒரு புகார் மட்டும் மிச்சம். இணையத்தில் ஒலி சிறு சிறு துண்டுகளாக வருகிறது. தடங்கல் வராமலிருக்க இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் செயலி பாடத் தொடங்கும். அதனால் இருபது முப்பது நொடி பிந்தும். மணி சொன்னால் கடிகாரத்தை அதை வைத்துச் சரிசெய்ய முடியாது. போன வாரம் மகன் சிங்கப்பூரில் காரில் போய்க்கொண்டே பேசினார். காரிலும் அதே நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியது தொலைபேசியில் கேட்கிறது. தார்சாவிலோ கடைசிச் சரணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“கொஞ்சம் பொறுடா, எனக்கு இன்னும் பாட்டு முடியல” என்றார் பாய்.